டெக்னீசியன் என்பவரைத் தமிழில் யார் என்று எழுதுவது?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் எங்கள் பகுதியில், பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் 11 பேரைப் பாராட்டி ஒரு சிறு மலர் கொண்டுவருகிறோம். மெய்ப்புத் திருத்துவதும், படங்களின் கீழே பெயரும் பதவியும் எழுதுவதும் என் பொறுப்பு. அவர்களில் 7 பேருடைய பணிச் சான்றில் பதவி 'டெக்னீசியன்' என்றோ 'சீனியர் டெக்னீசியன்' என்றோ இருக்கிறது. நான் அதிகம் யோசிக்காமல் எல்லாருக்கும் 'தொழில்நுட்ப வல்லுநர்' என்று போட்டு, மெய்ப்புப் படியை அவரவர் வீட்டுக்கே எடுத்துச் சென்று காட்டினேன்.

மர்பி டவுனில் இருக்கும் 74 வயதுப் பெரியவர் ஒருவர், கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சில் ஒன்றை எடுத்து 'வல்லுநர்' என்ற சொல்லை மட்டும் ஒரே கோட்டில் அடித்தார். "இப்படிப் போட்டால் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள், தம்பி. அது மாடியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு உரிய சொல். நான் கீழே மெஷின் பக்கத்தில் நின்றவன்," என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, அளவு தவறிய ஒரு பொருளைத் திருப்பிக் கொடுப்பவர் போலத்தான் சொன்னார்.

ஆங்கில அகராதியைப் புரட்டினால், ஒரு கலையின் அல்லது தொழிலின் செய்முறையில் தேர்ந்தவர் என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள் தருகிறார்கள். அப்படியானால் வல்லுநர் என்று எழுதியது எப்படித் தவறாகும்? அந்தப் பதவியில் பல்லாண்டு இருந்தவரே அதை ஏற்க மறுக்கிறார் என்றால், அகராதி சொல்லாமல் விட்ட ஏதோ ஒன்று அந்தச் சொல்லுக்குள் இருக்க வேண்டும். அது என்ன என்பதும், தமிழில் என்ன எழுதலாம் என்பதும்தான் என் கேள்வி. மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போக வேண்டும்.

ஒயிட்ஃபீல்டு வாசி எழுதியது:

டெக்னீசியன் என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடுங்கள். எல்லாருக்கும் புரியும், வேலையும் முடியும். நான் மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவன். எங்கள் வளாகத்தில் டெக்னீசியன் என்று ஒருவர்கூடக் கிடையாது. பழுதான விசைப்பலகையை மாற்றித் தருகிறவருக்கும் 'டெஸ்க்டாப் சப்போர்ட் இன்ஜினியர்' என்றுதான் அடையாள அட்டை. ஆர்க்கிடெக்ட் என்ற பட்டப்பெயரைக் காக்க 1972ஆம் ஆண்டில் இந்தியாவில் சட்டமே வந்தது. இன்ஜினியர் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வேலி இல்லாததால், டெக்னீசியன் என்று எழுத வேண்டிய இடங்களிலெல்லாம் அது புகுந்துவிட்டது. நாளிதழ்களுக்கு நாங்கள் எல்லாரும் 'டெக்கி'கள். அதற்குத் தமிழில் என்ன எழுதுவது என்று தனி இழை தொடங்கினால் நானும் வருகிறேன்.

சொல்வேட்டை எழுதியது:

ஏரிக்கரை நண்பரே, உங்கள் பெரியவர் அடித்த கோடு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்த வழியைப் பார்த்தால் காரணம் தெரியும்.

கிரேக்கத்தில் 'டெக்னே' என்றால் கைத்திறன், கலை, செய்யும் முறை எல்லாமே. அதிலிருந்து 'டெக்னிக்', அதோடு மியூசிஷியன், பிசிஷியன் ஆகிய சொற்களில் இருக்கும் அதே பின்னொட்டு சேர்ந்து 'டெக்னீசியன்'. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் தலைகாட்டியபோது, ஒரு துறையின் நுணுக்கங்களை அறிந்தவர் என்ற பொருளில்தான் வந்தது. அதாவது உங்கள் அகராதி சொல்வதுதான். கருவிகளை இயக்கிப் பழுது பார்ப்பவர், ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்து தருகிறவர் என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. ஆலைகளும் ஆய்வுக்கூடங்களும் பெருகி, திட்டம் போடுகிறவர் ஒருவர், செய்து முடிக்கிறவர் இன்னொருவர் என்று வேலை இரண்டாகப் பிரிந்தபோது, இந்தச் சொல் செய்து முடிக்கிறவர் பக்கம் போய்ச் சேர்ந்தது.

எலக்ட்ரீசியனுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்தில், 18ஆம் நூற்றாண்டின் நடுவில், எலக்ட்ரீசியன் என்றால் மின்சாரத்தின் இயல்பை ஆராய்ந்த அறிஞர். இன்றைக்கு நம் வீட்டு மின்விசிறி சுற்றாதபோது நாம் கூப்பிடுகிறவர். மின்சாரம் அறிஞரின் மேசையை விட்டு வீட்டுச் சுவருக்குள் வந்ததும், அந்தப் பெயரும் கூடவே இறங்கி வந்துவிட்டது.

இதனால்தான் ஆங்கிலத்தில் இந்தச் சொல் இடத்துக்கு இடம் எடை மாறுகிறது. ஒரு மட்டையாளரையோ பியானோ கலைஞரையோ 'மிகச் சிறந்த டெக்னீசியன்' என்று விமரிசகர் எழுதினால் அது பாராட்டு. ஆனால் அதற்குள் ஒரு சிறு முள்ளும் இருக்கலாம். செய்முறையில் குறையில்லை, உயிர் எங்கே என்ற கேள்வியை அவர் சொல்லாமல் சொல்கிறார். நம் கச்சேரி விமரிசனங்களில் 'கணக்கு வழக்குகளில் கெட்டிக்காரர்' என்று ஒருவரைப் பற்றி எழுதிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார்களே, அதே தொனி.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

கச்சேரி உவமை நன்றாகப் புரிந்தது. ஆனால் பெரியவர் அடித்தது அந்த முள்ளுக்காக இல்லை என்று நினைக்கிறேன். தொழிற்சாலையில் அல்லது ரயில்வேயில் இருந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

கே.ஆர்.புரம் ஓய்வு எழுதியது:

தம்பி, நான் ரயில்வேயில் லோகோ ஷெட்டில், அதாவது எஞ்சின்களைப் பழுது பார்க்கும் கூடத்தில், இருந்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஃபிட்டர். எங்களையெல்லாம் சேர்த்து 'ஸ்கில்டு ஆர்ட்டிசன்' என்பார்கள். ஃபிட்டர், வெல்டர், கடைசல் வேலை செய்யும் டர்னர் என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலின் பெயர் இருந்தது. பிறகு ஒருநாள் ஆணை வந்தது. எல்லாரும் டெக்னீசியன் கிரேடு 3, கிரேடு 2, கிரேடு 1 என்று ஆகிவிட்டோம். காலையில் ஃபிட்டராக உள்ளே போனவன் மாலையில் டெக்னீசியனாக வெளியே வந்தேன். கையில் இருந்த ஸ்பேனர் அதே ஸ்பேனர்தான். இளைஞர்களுக்கு அந்த மாற்றம் பிடித்திருந்தது. பெண் பார்க்கப் போகும் இடத்தில் ஃபிட்டர் என்று சொல்வதைவிட டெக்னீசியன் என்று சொல்வது கௌரவம் என்று அவர்கள் சொன்னதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு மனத்தாங்கல் வேறு ஒரு சொல்லில். எங்கள் வரிசையின் மேல்படியில் இருந்தவரை முன்பு 'மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன்' என்பார்கள். எஞ்சின் ஓடும்போது பக்கத்தில் நின்று, எந்த சிலிண்டரில் கோளாறு என்று காதால் கேட்டே சொல்கிற ஆட்களுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். அதையும் 'சீனியர் டெக்னீசியன்' என்று மாற்றிவிட்டார்கள். சீனியர் என்பது வயதைச் சொல்லும். மாஸ்டர் என்பது கையைச் சொல்லும். நானும் அந்தப் பதவிக்கு வந்துதான் ஓய்வு பெற்றேன். ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரை இன்றைக்கும் மாஸ்டர் என்றுதான் சொல்வேன்.

உங்கள் பெரியவர் வல்லுநரை அடித்ததற்குக் காரணம், அந்தச் சொல் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து வேறு ஒரு கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அந்தக் கூட்டத்துக்கு அவர் போனதும் இல்லை, போக ஆசைப்பட்டதும் இல்லை.

இரவுப் பணி எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்ததும் நானும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் துறையில் இந்தச் சண்டை இன்னும் தீவிரமானது, ஏனென்றால் எங்களிடம் 'டெக்னீசியன்', 'டெக்னாலஜிஸ்ட்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. டிப்ளமோ படித்தவர் டெக்னீசியன், பட்டம் படித்தவர் டெக்னாலஜிஸ்ட் என்பது பொதுவான வழக்கம். இரண்டு பேரும் ஒரே மேசையில், ஒரே நுண்ணோக்கியில்தான் வேலை பார்க்கிறோம். துணை மருத்துவத் துறையினருக்காக 2021இல் வந்த மத்தியச் சட்டம் அசோசியேட், டெக்னீசியன், டெக்னாலஜிஸ்ட் மூவரையும் ஒரே வரையறைக்குள் வைத்து, படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், 2 முதல் 4 ஆண்டுகளுக்குள் அமைய வேண்டும் என்கிறது. சட்டம் ஒன்றாகச் சேர்த்ததை அடையாள அட்டை பிரிக்கிறது.

வெளியில் இருப்பவர்களுக்கு நாங்கள் 'ரத்தம் எடுக்கிறவர்கள்'. என் சொந்தச் சித்தியே அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். இதில் என்ன திறமை என்று கேட்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். பெங்களூரில் மழைக்காலம் வந்தால் டெங்கு பயமும் வந்துவிடும். எல்லாரும் பிளேட்லெட் எண்ணிக்கையைத்தான் கேட்பார்கள். ஊதா மூடி போட்ட குழாயில் ரத்தம் எடுத்தவுடன் அதை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவிழ்க்காமல் விட்டால் உள்ளே சிறு சிறு கட்டிகள் உறையும். வேகமாகக் குலுக்கினால் அணுக்கள் உடையும். இது சரியாக நடந்தாலும், சிலருடைய ரத்தத்தில் அந்தக் குழாயில் உள்ள மருந்தினாலேயே பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாமல் 40,000 என்று காட்டும். அந்த எண்ணை அப்படியே அனுப்பிவிட்டால் ஒரு குடும்பமே இரவு முழுதும் உறங்காது. ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஓரங்களைப் பார்த்து, கொத்துக் கொத்தாக ஒட்டிக் கிடப்பதைக் கண்டுபிடித்து, வேறு மருந்து உள்ள குழாயில் மறுபடியும் எடுக்கச் சொல்வது யார்? அறிக்கையின் கீழே கையெழுத்துப் போடும் டாக்டரின் பார்வைக்கு வருவதற்கு முன்பே அதைப் பிடிப்பது எங்கள் மேசையில் இருப்பவர்தான்.

தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் எங்களுக்கு 'ஆய்வக நுட்புநர்' என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் 'ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்' என்று எழுதுகிறார்கள். இரண்டில் எனக்கு நுட்புநர் பிடிக்கும், சின்னதாக இருக்கிறது. சட்டைப் பையின் மேல் குத்திக்கொள்ளலாம்.

ஒற்றுப்பிழை எழுதியது:

நுட்புநரைப் பற்றி நான் இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது, சகோதரி மன்னிக்க வேண்டும். '-நர்' என்ற விகுதி வினைப்பகுதியோடு சேர்வது. இயக்கு, இயக்குநர், ஓட்டு, ஓட்டுநர், அனுப்பு, அனுப்புநர், பெறு, பெறுநர். வல்லுதல் என்றால் இயலுதல், ஆற்றல் உடையதாதல். ஆகவே வல்லுநர் சரி, பலரும் எழுதுகிற 'வல்லுனர்' பிழை. நுட்பம் என்பது பெயர்ச்சொல். 'நுட்பு' என்று யாரையும் ஏவ முடியாது. "இந்தக் குழாயை நுட்பு" என்று உங்கள் மேலதிகாரி சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? 'நுட்பர்' என்றால் இலக்கணம் நிறைவு பெறும். ஆனால் அரசாணையில் ஏறி, ஆயிரக்கணக்கானோரின் பணி ஆணையில் அச்சாகிவிட்ட சொல்லைப் பிழை என்று இனிமேல் அசைக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இரவுப் பணி எழுதியது:

நுட்பச் சொன்னால் நுட்புகிறோம் ஐயா, பழகிவிட்டது.

மேயோ ஹால் பக்கம் எழுதியது:

நான் நீதிமன்ற ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். இந்த இழையில் 'வல்லுநர்' என்ற சொல்லை எல்லாரும் ஒரே பொருளில் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

எங்கள் மேசையில் வல்லுநர், நிபுணர் இரண்டும் 'எக்ஸ்பர்ட்' என்பதற்கு ஒதுக்கப்பட்டவை. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 45ஆம் பிரிவு யாரை எக்ஸ்பர்ட் என்று கொள்வது என்று சொல்லியது: அயல்நாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றில் தனித் தேர்ச்சி உடையவர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் அது 39ஆம் பிரிவாகி, 'வேறு எந்தத் துறையும்' என்று எல்லையும் விரிந்திருக்கிறது. சாதாரணச் சாட்சி தான் கண்டதை மட்டும்தான் சொல்லலாம். எக்ஸ்பர்ட் தன் கருத்தைச் சொல்லலாம், அந்தக் கருத்தை நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும். ஆக, எக்ஸ்பர்ட் என்பவர் கருத்துச் சொல்லும் தகுதி உடையவர். டெக்னீசியனிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, வேலையைத்தான் கேட்கிறார்கள். பெரியவர் சொன்ன மாடிக்கும் தரைக்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் எண்ணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸ்பர்ட் என்ற சொல்லின் லத்தீன் வேர், முயன்று பார்த்தல், பட்டு அறிதல் என்ற பொருள் உடையது. எக்ஸ்பீரியன்சும் எக்ஸ்பெரிமென்டும் அதே வேரின் பிள்ளைகள். வேர்ப்பொருளைப் பிடித்துக்கொண்டு பார்த்தால், 40 ஆண்டு மெஷின் பக்கத்தில் நின்று பட்டு அறிந்தவர்தான் எக்ஸ்பர்ட்.

கே.ஆர்.புரம் ஓய்வு எழுதியது:

கருத்துக் கேட்பதில்லை என்பது உண்மைதான் ஐயா. ஆனால் எஞ்சின் கிளம்பாத நாளில் மாடியில் இருப்பவர்கள் எல்லாரும் கீழே இறங்கி வந்து எங்கள் கருத்தைத்தான் கேட்பார்கள். அதை எழுதி வைக்கத்தான் பிரிவு எதுவும் கிடையாது.

ஒலிக்கூடம் எழுதியது:

சினிமாவில் நிலைமை தலைகீழ். நான் சென்னையில் சில ஆண்டுகள் ஒலித் தொகுப்பில் இருந்துவிட்டு இப்போது பெங்களூரில் விளம்பரப் படங்களுக்கு வேலை பார்க்கிறேன். கோடம்பாக்கத்தில் ஒருவரை 'பெரிய டெக்னீசியன்' என்று சொன்னால், அவர் ஒளிப்பதிவாளராகவோ படத்தொகுப்பாளராகவோ கலை இயக்குநராகவோ இருப்பார். எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். தமிழில் அவர்களை 'தொழில்நுட்பக் கலைஞர்கள்' என்பார்கள். 'நடிகர்கள் மற்றும் தொழில்நுட்பக் கலைஞர்கள்' என்பது எங்கள் எல்லா அழைப்பிதழிலும் வரும் தொடர். கலைஞர் என்ற ஒரு சொல்லைப் பக்கத்தில் உட்கார வைத்ததும், அதே டெக்னீசியன் மேடைக்கு வந்துவிடுகிறார். சென்னையில் ஒரே தெருவில் ஏசி பழுது பார்க்க வரும் டெக்னீசியனும், விருது வாங்கிய டெக்னீசியனும் எதிரெதிரே நடந்து போவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஆங்கிலச் சொல்தான்.

எங்களிடமும் கோடு இருக்கிறது. விளக்கைத் தூக்கி வைக்கும் லைட்மேனை யாரும் தொழில்நுட்பக் கலைஞர் என்று அழைப்பதில்லை, அவர் தொழிலாளர். ஒரு விளக்கை அரை அடி நகர்த்தினால் முகத்தில் நிழல் எப்படி விழும் என்று பல உதவி ஒளிப்பதிவாளர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

சொல்வேட்டை எழுதியது:

மேயோ ஹால் நண்பரும் ஒலிக்கூடம் நண்பரும் சொன்னதைப் படித்தபின், நம்மிடம் பழைய சொல் ஒன்று சும்மா கிடப்பது நினைவுக்கு வந்தது. மணிமேகலையில், புகார் நகரத்து அரச மண்டபம் ஒன்றை யார் யார் சேர்ந்து கட்டினார்கள் என்று வரும் இடம்:

மகத வினைஞரும் மராட்டக் கம்மரும்
அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும்
தண்டமிழ் வினைஞர் தம்மொடு கூடி

வினைஞர், கம்மர், கொல்லர், தச்சர். ஊர் விட்டு ஊர் வந்த கைகாரர்களை உள்ளூர்க் கைகாரர்களோடு சேர்த்துச் சொல்லும் இந்தப் பட்டியலைப் படிக்கும்போது எனக்கு நம் பெங்களூர்த் தொழிற்பேட்டைதான் நினைவுக்கு வரும். 'கம்மர்' செத்துப் போன சொல் என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்றைக்கும் மெக்கானிக் பிரிவுக்குக் 'கம்மியர்' என்றுதான் பெயர். மோட்டார் வண்டிக் கம்மியர், டீசல் கம்மியர் என்று சேர்க்கை அறிவிப்பிலேயே வரும். ஃபிட்டர் 'பொருத்துநர்', டர்னர் 'கடைசலர்', வயர்மேன் 'கம்பியாள்'. ஒற்றுப்பிழை ஐயா கவனிக்க: பொருத்துநரில் விகுதி தன் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. 'டெக்னே' என்ற கிரேக்கச் சொல்லின் நெருங்கிய உறவு, தச்சரைக் குறிக்கும் 'டெக்டான்'. அதன் இணையாகச் சமஸ்கிருதத்தில் 'தக்ஷன்' இருக்கிறது. நம் 'தச்சன்' அதிலிருந்து வந்தது என்று சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சொல்கிறது. அதன்படி பார்த்தால் டெக்னீசியனும் தச்சனும் தூரத்துப் பங்காளிகள். யவனர் என்றால் கிரேக்கர். யவனத் தச்சர் புகாருக்கு வந்தபோது, தன் ஊர்ச் சொல்லின் உறவுக்காரரையே இங்கே சந்தித்திருக்கிறார்.

ஒற்றுப்பிழை எழுதியது:

தச்சன் வடமொழியிலிருந்து வந்தது என்பதை எல்லாரும் ஏற்பதில்லை. 'தைத்தல்' என்பதோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதற்கு இந்த இழை இடமில்லை என்பதால் விடுகிறேன். வினைஞர் நல்ல சொல் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

பீன்யா பட்டறை எழுதியது:

எனக்கு மறுப்பு இருக்கிறது. நான் பீன்யாவில் சிறிய பட்டறை வைத்திருப்பவன். 14 பேர் வேலை செய்கிறார்கள், அதில் 6 பேர் தமிழர்கள். வினைஞர் தேவை என்று நான் பலகை மாட்டினால், வருகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். 'வினை' என்றவுடன் எங்கள் வீட்டில் ஜாதகத்தை எடுப்பார்கள்.

டெக்னீசியன் தேவை என்று மாட்டினால் யார் யார் வருகிறார்கள் என்பதையும் சொல்கிறேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஐடிஐ முடித்த டர்னர் வருவார், பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்த பையன் வருவான், எதுவும் படிக்காமல் பத்து ஆண்டு லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், நின்ற ஆளும் வருவார். மூன்று பேரும் தங்களை டெக்னீசியன் என்றுதான் சொல்வார்கள். இந்தக் குழப்பம் மேலே இருந்தே வருகிறது. தொழில் பழகுநர் சட்டத்தின்படி ஐடிஐ முடித்தவர் 'டிரேடு அப்ரன்டிஸ்', டிப்ளமோ முடித்தவர்தான் 'டெக்னீசியன் அப்ரன்டிஸ்'. ஆனால் இஸ்ரோ வேலை அறிவிப்பைப் பாருங்கள்: 'டெக்னீசியன் பி' பதவிக்கு ஐடிஐதான் கேட்கிறார்கள், டிப்ளமோ முடித்தவருக்கு 'டெக்னிகல் அசிஸ்டென்ட்' என்று வேறு பதவி. உலகத் தொழிலாளர் அமைப்பின் தொழில் வகைப்பாட்டில் டெக்னீசியன்கள் 3ஆம் பிரிவு, ஃபிட்டர் டர்னர் முதலான கைத்தொழிலாளர்கள் 7ஆம் பிரிவு. அந்தக் கணக்கில் நம் ரயில்வே ஐயா காலையில் 7ஆம் பிரிவில் நுழைந்து மாலையில் 3ஆம் பிரிவில் வெளியே வந்திருக்கிறார். ஆங்கிலத்திலேயே சொல் ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்கு ஒரே தமிழ்ச் சொல் தேடினால் அது எப்படி நிற்கும்?

ஐடிஐ என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இந்த ஊரில் அந்த மூன்று எழுத்துக்கு இரண்டு பொருள். படிக்கிற தொழிற்பயிற்சி நிலையமும் ஐடிஐ, 1948இல் தொடங்கிய தொலைபேசித் தொழிற்சாலையும் ஐடிஐ. "ஐடிஐ முடித்து ஐடிஐயில் சேர்ந்தேன்" என்று என் மாமனார் சொன்னபோது நான் முதலில் அவருக்கு வாய் குழறுகிறது என்று நினைத்தேன்.

கன்னடத்துக்காரர்கள் 'தந்த்ரஜ்ஞ' என்று எழுதிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது செய்முறை அறிந்தவர். அதையே நம் எழுத்தில் 'தந்திரம் அறிந்தவர்' என்று எழுதிப் பாருங்கள். ஊருக்கு ஊர் ஏமாற்றித் திரிகிறவர் என்று ஆகிவிடும். என் பட்டறையில் புதிதாக வந்த திருப்பத்தூர்ப் பையன் அந்தச் சொல் இருந்த கன்னடப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "யாரை அண்ணா திட்டியிருக்கிறார்கள்?" என்று கேட்டான்.

ஒயிட்ஃபீல்டு வாசி எழுதியது:

அதனால்தான் முதலிலேயே டெக்னீசியன் என்று விடச் சொன்னேன்.

பீன்யா பட்டறை எழுதியது:

அதுவும் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை. டெக்னீசியன் என்பது பட்டறையில் யாரும் ஒருவரையொருவர் அழைக்கிற சொல் கிடையாது. சம்பளப் பட்டியலில் இருக்கிற சொல். என்னிடம் ஒரு டர்னர் இருக்கிறார். கடைய வேண்டிய துண்டை லேத்தின் சுழலும் பிடியான சக்கில் மாட்டி, வெட்டுகிற டூலை மெல்லக் கொண்டுபோய்த் தொட்டதும் வருகிற சத்தத்தை வைத்தே முனை மழுங்கிவிட்டதா என்று சொல்வார். கடைசி வெட்டில் டயலைப் பார்க்காமல் கைப்பிடியை ஒரு மயிரிழை திருப்புவார். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட மிகாது. சுருண்டு விழுகிற சீவலின் நிறம் நீலமாக மாறினால் வேகத்தைக் குறைப்பார். இவரை டெக்னீசியன் என்று சொன்னால், இவர் லேத்தில் நிற்கிறாரா, வெல்டிங் செய்கிறாரா, ஏசியைத் துடைக்கிறாரா என்று என்ன தெரியும்? டர்னர் என்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

ஏரிக்கரை நண்பர் அந்தப் பெரியவரிடம் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. அவர் டெக்னீசியனாக இருந்தபோது என்ன வேலை செய்தார்?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

கேட்கவில்லைதான். படித்ததும் வெட்கமாக இருந்தது. அவருடைய சான்றில் இருந்த சொல்லை மொழிபெயர்ப்பதிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

நேற்று மாலை மறுபடியும் மர்பி டவுனுக்குப் போனேன். கேட்டவுடன், "டர்னர்" என்றார். அவ்வளவுதான். பிறகு உள்ளே போய், துணியில் சுற்றிய ஒரு பித்தளைப் பம்பரத்தைக் கொண்டுவந்து தரையில் சுழற்றிக் காட்டினார். ஓய்வு பெறும் வாரத்தில், மீந்த துண்டில் பேத்திக்காகக் கடைந்ததாம். சுழல்வதே தெரியாமல் ஓரிடத்தில் நின்றது. அவருடைய மனைவி காபி கொண்டுவந்து வைத்த பிறகும் அது நிற்கவில்லை.

இங்கே வந்த சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். நுட்புநருக்குத் தலையசைக்கவில்லை. 'தொழில்நுட்பக் கலைஞர்' என்றதும், "நான் நடித்தேனா?" என்றார். 'கடைசலர்' என்ற சொல்லைக் கேட்டுக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் தாத்தா கட்டில் கால் கடைந்தவர் என்றும், அவரை ஊரில் கடைசல்காரர் என்றுதான் அழைத்தார்கள் என்றும் சொன்னார். மாஸ்டர் கிராஃப்ட்ஸ்மேன் பற்றி ரயில்வே ஐயா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

ஆகவே மலரில் பொதுவாக ஒரே சொல்லைப் போடுவதைக் கைவிட்டோம். 7 பேருக்கும் அவரவர் தொழிலின் பெயர்: இரண்டு பொருத்துநர், ஒரு கடைசலர், ஒரு பற்றவைப்பாளர், இரண்டு மின்பணியாளர், ஒரு ஆய்வக நுட்புநர். ஒற்றுப்பிழை ஐயா அந்தக் கடைசிச் சொல்லைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்த அம்மா அதைத்தான் கேட்டார். அடுத்த வரியில் 'சீனியர் டெக்னீசியனாக ஓய்வு பெற்றார்' என்று பதவியும் வரும். முகப்புரையில் எல்லாரையும் சேர்த்துச் சொல்லும் இடத்தில் மட்டும் 'வினைஞர்கள்' என்று எழுதியிருக்கிறேன். பீன்யா நண்பர் ஜாதகத்தை எடுக்காமல் இருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

திருத்திய மெய்ப்பைப் பெரியவர் இன்று காலை திருப்பி அனுப்பினார். பெயரிலும் தொழிலிலும் பென்சில் படவில்லை. '37 ஆண்டுகள் பணியாற்றினார்' என்று நான் எழுதியிருந்ததை மட்டும் அடித்து, பக்கத்தில் '36 ஆண்டு 8 மாதம்' என்று எழுதியிருந்தார்.